மலையகத்தில் ஒரு மாதம் தங்க எந்த ஊர்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும், சில வேளை கோத்தகிரி, கூடலூர்ப் பக்கமிருந்தும் உறவுக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம். நுவரெலியாவில் எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம்?" ஊரை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள், தெருவை மட்டும்தான் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஊரிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். இரண்டு நாள் சுற்றிப் பார்க்க நுவரெலியாவுக்குப் போங்கள். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் வாழ வேண்டுமென்றால் ஹட்டனிலோ கொட்டகலையிலோ வீடு பாருங்கள்.

நுவரெலியா எப்படி உண்டானது என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 1819 இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய வைத்தியர் இந்தச் சமவெளிக்கு வந்தார். பிறகு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். இன்றைய கிராண்ட் ஹோட்டலின் மூலம் அதுதான். 1848 இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து குடும்பத்தையும் வேலையாட்களையும் மாடுகளையும் நாய்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து ஓர் ஆங்கிலக் குடியிருப்பை உண்டாக்கப் பார்த்தார். 1873 இல் கிரகரி வாவி, 1876 இல் ஹில் கிளப், 1889 இல் கொல்ஃப் மைதானம் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், கொழும்பு வெயிலில் வாடியவர்களும் தோட்டத்துத் துரைமாரும் வந்து இளைப்பாறுவதற்கென்று திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. ஓய்வெடுக்க வருகிறவரை மனதில் வைத்துத்தான் அதன் நடுப்பகுதி இன்றும் இயங்குகிறது. ஏப்ரல் சீசன் வந்தால் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அந்த வாரங்களில் அறை வாடகை எங்கோ போய்விடும். வாவியைச் சுற்றி வாகனம் நகராது.

ஆனாலும் நுவரெலியாவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வேறு எந்த மலையக ஊரிலும் அது கிடைப்பது அரிது: சமதளம். முழங்கால் வலியுள்ள பாட்டி காலையில் காற்று வாங்க நடக்க வேண்டுமென்றால் வாவிக்கரையும் விக்டோரியா பூங்காவும்தான் இடம். அப்படிப்பட்டவரோடு வருகிறவர்கள் டவுன் நடுவை விட்டு, ஹாவாஎலிய பக்கமோ மாகஸ்தோட்டை பக்கமோ வீடு தேடலாம். மரக்கறித் தோட்டங்கள் சூழ்ந்த இடங்கள் அவை. லீக்ஸும் கரட்டும் மண்ணோடு கிடைக்கும். டவுனிலிருந்து ஹக்கல வீதியில் போனால் சீதாஎலிய, அங்கே சீதையம்மன் கோயில். அதையும் தாண்டினால் 1861 இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்கா. சந்தடியே வேண்டாம், குளிர் எவ்வளவென்றாலும் தாங்குவோம் என்கிறவர்களுக்குக் கந்தப்பளை இருக்கிறது. அது தோட்டத்து மக்கள் கூடும் சிறு டவுன், தமிழிலேயே நாள் கழியும். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும் உயரம் என்பதை மறக்க வேண்டாம். கைக்குழந்தையோ இளைப்பு நோயாளியோ வீட்டில் இருந்தால் நான் அந்தப் பக்கம் சொல்லமாட்டேன்.

ஹட்டன் வேறு விதமான ஊர். 1,271 மீற்றர் என்பதால் குளிர் உண்டு, ஆனால் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். 1884 இல் இங்கே ரயில் வந்தது. திம்புல, டிக்கோயா, மஸ்கெலியாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இங்கே இறங்கிக் கோச்சியேறின. அரிசி மூட்டைகளும் ஆட்களும் கோச்சியிலிருந்து இறங்கி மலையேறினார்கள். நிலையத்தைச் சுற்றிக் கடைகள் வந்தன, கடைகளைச் சுற்றி ஊர் வந்தது. புடவைக்கடையும் நகைக்கடையும் அடகுக்கடையும் தமிழ் விளம்பரப் பலகையோடு வரிசையாக நிற்கும். மாணிக்கப் பிள்ளையார் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காலையில் காதில் விழும். மாதம் பத்தாம் திகதியை ஒட்டித் தோட்டங்களில் சம்பளம் போடுவார்கள். அதையடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்ப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு கடை கடையாக விலை கேட்பார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்பும் மலையகம் இதுதான்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத் தமிழர்கள். ஆனால் நுவரெலியா டவுனில் ஹோட்டலில் தங்கிப் போகிற தமிழ்க் குடும்பம் ஒரு தமிழ் வீட்டுக்குள்ளும் கால் வைக்காமலேயே திரும்பிவிட முடியும். ஹட்டனில் அப்படி முடியாது. பாமசியில் மருந்து வாங்கினாலும், திரீவீலரில் ஏறினாலும், பக்கத்து வீட்டில் சீனி கடன் கேட்டாலும் பேச்சு தமிழில்தான் தொடங்கும். "எந்தத் தோட்டம், அண்ணே?" என்று கேட்பார்கள். பாட்டி தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "எந்த டிவிசன்?" என்று வரும். பாட்டி சொல்லும் பெயரும் வரைபடத்தில் உள்ள ஆங்கிலப் பெயரும் பல இடங்களில் ஒத்துப்போகாது. இரண்டையும் அறிந்தவர்கள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் சாரதிகளும் நடத்துநர்களும்தான்.

கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது வெறும் விடுமுறையல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாரில் கப்பலேறின. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனவர்கள் அவர்களில் பலர். அந்தத் தங்கை இப்போது எழுபது, எண்பது வயதில் பேரப்பிள்ளைகளோடு வருகிறாள் என்றால், அண்ணன் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் அவள் இருக்க வேண்டும். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, சாமிமலை பஸ்கள் எல்லாம் வந்து சேரும் இடம் ஹட்டன்.

ஹட்டனுக்குள்ளும் இடம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பிரதான வீதியில் கடைக்கு மேல் உள்ள வீடுகள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாத மலைப் பருவம். போயா நாளிலும் வார இறுதியிலும் நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களும் வான்களும் இரவெல்லாம் ஓடும், பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். முதியவர்களுக்கு டிக்கோயாப் பக்கம் நல்லது. இந்திய உதவியில் கட்டிய கிளங்கன் ஆதார வைத்தியசாலை அங்கே இருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்தார். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இது ஒன்றே போதுமான காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது கொட்டகலை. ரயிலில் ஹட்டனுக்கு அடுத்த நிலையம். இடையில் சிங்கமலைச் சுரங்கம் வரும், பிள்ளைகள் அதற்காகவே மறுபடியும் கோச்சியேறக் கேட்பார்கள். கடைத்தெரு சிறியது, ஆனால் வீட்டுக்கு வேண்டியது எல்லாம் உண்டு. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருப்பதாலும் சுற்றுவட்டாரப் பாடசாலைகளாலும் ஆசிரியர்கள் குடியிருக்கும் பகுதி இது. வாடகை வீடு இணையத்தில் கிடைக்காவிட்டால் ஆசிரியர்களிடமும் கோயில் பரிபாலன சபையிடமும் விசாரியுங்கள். இடமாற்றம் பெற்றுப் போனவரின் வீடு, கொழும்பில் வேலை பார்ப்பவரின் பூட்டிய வீடு அவர்களுக்குத்தான் தெரியும். கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில் டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளை எல்லோரும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். எடுங்கள். தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸ் சூட்டில் இறந்ததையும் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

மஸ்கெலியாவும் பொகவந்தலாவையும் அழகில் எதற்கும் குறைந்தவை அல்ல. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் இறுதியில் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். ஆனால் ஒரு மாதத் தங்கலுக்கு அவை தூரம். அவசரமென்றால் வளைந்து வளைந்து ஹட்டனுக்கு வரவேண்டும். போய் ஒரு பகல் இருந்துவிட்டு வரலாம்.

வீட்டை நேரில் பார்க்காமல் முற்பணம் கட்டாதீர்கள். வீதியிலிருந்து வாசலுக்கு எத்தனை படி என்று முதலில் கேளுங்கள். இங்கே வீதி மட்டத்தில் இருக்கும் வீடு அபூர்வம், நாற்பது படி இறங்கி வீடு வருவது சாதாரணம். தண்ணீர் ஊற்றுக் குழாயா, சபைத் தண்ணீரா, மார்ச்சில் வருமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் பாருங்கள், மழை மாதங்களில் துணி காய்வதே பெரும்பாடு. எல்லாவற்றையும் விட முக்கியமானது வீட்டின் பின்புறம். மண் வெட்டிச் செங்குத்தாக விட்ட மேட்டின் கீழ் வீடு இருந்தால், எவ்வளவு வசதியானாலும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயன்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகமெங்கும் மண்ணைச் சரித்தது, ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று என்று ஏதாவது தென்பட்டால் விலகிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். சிவப்பென்றால் பெட்டியைத் தேடாமல் வெளியேற வேண்டும்.

தோட்டத்துக்குப் போவது பற்றியும் ஒரு வார்த்தை. உறவினர் அன்போடு "இங்கேயே தங்குங்க, மாமா" என்பார்கள், மனதாரச் சொல்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் ஐந்தாறு பேர் இருக்கும் லயத்தில் இன்னும் நான்கு பேர் தங்கினால் அவர்கள் வெளியே திண்ணையில்தான் படுப்பார்கள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானோருக்கு இன்னும் வரவில்லை. அதனால் ஹட்டனிலோ கொட்டகலையிலோ எடுத்த வீட்டை அவர்களுக்கும் திறந்து வையுங்கள். அத்தை வந்து இரண்டு நாள் இருந்து, தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து போடட்டும். நீங்கள் தோட்டத்துக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். வேலை நாளில் போனால் உங்களுக்காக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விடுவார்கள்; 2024 இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் பிடிப்பதற்கு முன் பெயரைக் கேட்டு, அனுமதியும் கேளுங்கள். பிள்ளைகளையும் அப்படியே பழக்குங்கள்.

எந்த மாதம்? மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டனுக்குக் கீழே வட்டவளை நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, அந்த மேகந்தான் மேலேறி வரும். ஒக்டோபர், நவம்பரில் மழையோடு மண்சரிவுப் பயமும் சேரும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வானம் வெளுத்திருக்கும். திம்புலத் தேயிலையின் தரமான பருவமும் அதுதான், தொழிற்சாலைப் பக்கம் நடந்தால் வாசனையே சொல்லும். தைப்பொங்கலுக்கு வந்துவிட்டால் தோட்டத்துக் கோயிலில் பொங்கலும் கிடைக்கும், மாசியில் காமன் கூத்தும் பார்க்கலாம். ஐரோப்பியப் பள்ளி விடுமுறையால் ஜூலை, ஓகஸ்டில் மட்டுந்தான் வர முடியும் என்கிறவர்கள், மழையை ஏற்றுக்கொண்டு, ஆடித் திருவிழாத் திகதிகளை முன்கூட்டிக் கேட்டு வாருங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்புவதால் ஹட்டன் பஸ்ஸில் நிற்கவும் இடமிராது. கோச்சி ஆசனத்தை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள், பாதை முழுவதும் ஓடுகிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.