கூன்வண்டுக்குச் சிலை வைத்த ஊர்

பயிரைத் தின்னும் பூச்சிக்கு மருந்தடிப்பார்கள், விளக்குப்பொறி வைப்பார்கள், எதுவும் பலிக்காவிட்டால் குலதெய்வத்திடம் போய் முறையிடுவார்கள். நடுத்தெருவில் சிலை வைத்து அதற்கு நன்றி சொன்னவர்களை நான் அலபாமாவில்தான் பார்த்தேன்.

ஊரின் பெயர் என்டர்பிரைஸ். அலபாமாவின் தென்கிழக்கில், ஃபுளோரிடா எல்லைக்கு அருகே உள்ள மணற்பாங்கான பகுதியில், காஃபி கவுண்டியில் இருக்கிறது. காஃபிச் செடியைத் தேடி யாரும் போக வேண்டாம். ஜான் காஃபி என்ற படைத்தளபதியின் பெயர் அது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 28,000-க்குச் சற்று மேல். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி. ஆனால் சுற்றுவட்டாரத்தில் இருபது மைல் தூரத்துக்கு இதுதான் பட்டணம். டிராக்டர் உதிரிபாகம் வாங்க, பத்திரம் பதிய, பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் இங்கேதான் வர வேண்டும்.

நான் தங்கிய மோட்டலை நடத்துபவர் குஜராத்திக்காரர். அமெரிக்கச் சிற்றூர்களில் இது அதிசயமில்லை. "எதுக்கு சார் இவ்ளோ தூரம்?" என்று இந்தியில் கேட்டார். வண்டைப் பார்க்க என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ வழி சொன்னார்: "போல் வீவில் சர்க்கிள்ல போயி உள்ள திரும்புங்க." ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச்சாலைக்கே வண்டின் பெயர்தான். பருத்திக் காய்க் கூன்வண்டைத்தான் அவர்கள் போல் வீவில் என்கிறார்கள்.

மெயின் தெருவும் காலேஜ் தெருவும் சேரும் இடத்தில், நீரூற்றுக்கு நடுவில் சிலை நிற்கிறது. கிரேக்கப் பாணி அங்கி அணிந்த வெள்ளைப் பெண்சிலை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறாள். கைகளில் ஏந்திய பீடத்தின் மேல் நீண்ட மூக்கோடு ஒரு கறுப்பு வண்டு. உண்மையான வண்டு சுமார் கால் அங்குல நீளம்தான். இதை எட்டத்தில் நின்றே அடையாளம் காணலாம். அடியில் உள்ள கல்வெட்டு, வளத்துக்குக் கட்டியம் கூறி வந்த வண்டுக்கு ஊர்மக்கள் நன்றியோடு எழுப்பியது என்ற பொருளில் பேசுகிறது. கிண்டல் ஏதும் இல்லை. முழு மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள்.

கதை இதுதான். மெக்ஸிகோவிலிருந்து இந்த வண்டு 1892 வாக்கில் டெக்ஸஸுக்குள் நுழைந்தது. பருத்தி மொட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்னும். மொட்டு உதிர்ந்துவிடும். ஆண்டுக்காண்டு கிழக்கே நகர்ந்து 1915-ல் காஃபி கவுண்டிக்கு வந்து சேர்ந்தது. அங்கே பருத்தியைத் தவிர வேறு வெள்ளாமை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. காரணம் மண் அல்ல, கடை. விதை, உரம், கோவேறு கழுதைக்குத் தீவனம், வீட்டுக்கு மாவு, துணி என எல்லாவற்றையும் கடைக்காரர் கடனாகத் தருவார். வரப்போகும் விளைச்சலை ஈடாக எழுதிக்கொள்வார். அந்த விளைச்சல் பருத்தியாக இருந்தால்தான் பேரேட்டைத் திறப்பார். ஆகவே வண்டு தின்றது மொட்டை மட்டுமல்ல. கடைத்தெருவின் வரவு செலவையே தின்றது.

எச். எம். செஷன்ஸ் என்ற வியாபாரி, நிலக்கடலை போட்டால் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டார். கடனில் மூழ்கியிருந்த சி. டபிள்யூ. பாஸ்டன் என்ற விவசாயியை 1916-ல் சம்மதிக்க வைத்தார். ஒரே வெள்ளாமையில் கடன் அடைந்தது. விளைந்ததை மற்ற விவசாயிகள் விதைக்காக வாங்கிப் போனார்கள். 1917-ல் அமெரிக்காவிலேயே அதிகக் கடலை விளைந்த கவுண்டி இதுதான். பான் ஃபிளெமிங் என்ற இன்னொரு வியாபாரிக்குச் சிலை யோசனை தோன்றியது. அவரே செலவிலும் பங்கெடுத்தார். இத்தாலியில் செய்து வந்த சிலையை 1919 டிசம்பர் 11 அன்று திறந்தார்கள். செலவு சுமார் 1,800 டாலர்.

வேடிக்கை என்னவென்றால், அன்று அவள் கையில் வண்டு இல்லை. நன்றி மட்டும் கல்லில் இருந்தது, நன்றிக்கு உரியவர் இல்லை. லூதர் பேக்கர் என்பவர் 1949-ல்தான் வண்டைச் செய்து வைத்தார். அதன் பிறகு அதைத் திருடுவது இளவட்டங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. 1998-ல் வண்டை அவள் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு போனதில் சிலை சேதமானது. இப்போது தெருவில் நிற்பது நகல். அசல், பழைய ரயில் நிலையத்தில் அமைந்த டிப்போ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரயில் வருவதில்லை.

இந்த நன்றியை யார் சொன்னார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறேன். திட்டம் போட்டவர் வியாபாரி, சிலை வைத்தவர் வியாபாரி. அந்தக் காலத்தில் இந்த வயல்களில் குனிந்து நிமிர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நிலமில்லாத வாரக்குடிகள். கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும். வெள்ளாமை பொய்த்தபோது நிலக்காரருக்கு வேறு பயிர் கிடைத்தது. வாரக்குடிக்கு வழிப்பயணம்தான் கிடைத்தது. அக்காலத்தில் தெற்கைவிட்டு வடக்கு நகரங்களுக்குப் போன லட்சக்கணக்கான கறுப்பர்களின் பயணத்துக்கு இருந்த பல காரணங்களில் இந்த வண்டும் ஒன்று. இன்னொன்றையும் வரலாற்றாசிரியர்கள் சுட்டுகிறார்கள்: பருத்தி விலை ஏறியதும் விவசாயிகள் பலர் திரும்பவும் பருத்திக்கே போனார்கள். ஆக, சிலை ஊர் முழுதும் மனம் திருந்தியதற்குச் சாட்சி அல்ல. மனம் மாறாதீர்கள் என்று கடைத்தெரு விவசாயிக்கு வைத்த விளம்பரப் பலகை என்றே எனக்குப் படுகிறது. அதனால் அதன் மேல் மதிப்பு குறையவில்லை. நல்ல விளம்பரம்.

நான் போனது அக்டோபர். சாலைக்கு ஒருபுறம் வெடித்த பருத்தி, மறுபுறம் பிடுங்கிப் போட்ட கடலை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். வண்டை இப்பகுதியிலிருந்து ஒழித்துவிட்டார்கள். இனக்கவர்ச்சிப் பொறிகளும், மாநிலம் மாநிலமாக எல்லா விவசாயிகளும் சேர்ந்து செலவு செய்த கூட்டுத் திட்டமும் அதைச் சாதித்தன. பறித்த பருத்தியை இயந்திரமே உருளையாகச் சுருட்டி, மஞ்சள் நிறத்திலும் இளஞ்சிவப்பிலும் பிளாஸ்டிக் தாள் சுற்றி வயலோரம் உருட்டிவிட்டுப் போகிறது. சிலை வைத்த ஊரின் எல்லையில், வண்டு தின்ற பயிரும் வண்டால் வந்த பயிரும் சமாதானமாக இருக்கின்றன.

திண்டிவனம் பக்கத்துக்காரனுக்குக் கடலை வயலைப் பார்த்தால் கால் தானாக நிற்கும். எங்கள் ஊரில் மல்லாக்கொட்டை. ஈரம் பார்த்துச் செடியைக் கையால் பிடுங்கி, நிழலில் உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்வார்கள். கூலி காயாகவே அளக்கப்படும். இங்கே ஒரு கருவி வேரோடு கிளப்பி, மண்ணை உதறி, காய் மேலே தெரியும்படி செடியைக் கவிழ்த்துப் போட்டுப் போகிறது. சில நாள் வெயிலில் காய்ந்த பிறகு இன்னொரு இயந்திரம் வந்து காயைப் பிரிக்கிறது. நூற்றுக்கணக்கான ஏக்கர், கண்ணுக்குத் தெரிந்த ஆட்கள் மூன்று பேர். மண்வாசனை மட்டும் எங்கள் ஊர் வாசனையேதான்.

எப்போது பிடுங்குவது என்று அவர்கள் பார்க்கும் விதம் என்னை அரைமணி நேரம் நிற்க வைத்தது. நாம் காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்போம். அவர்கள் ஓட்டின் மேல்தோலை உரிக்கிறார்கள். கை நிறையக் காயைக் கூடையில் போட்டு, வண்டி கழுவும் அழுத்தக் குழாயால் பீய்ச்சி அடித்தால் மேல்தோல் போய்விடும். அடியில் இருக்கும் நிறம் வயதைச் சொல்கிறது: வெள்ளை பிஞ்சு, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. வண்ணம் வண்ணமாகக் கோடு போட்ட ஒரு பலகையில் காய்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள். கறுப்பும் பழுப்பும் எத்தனை, மஞ்சள் எத்தனை என்று பார்த்து, இன்னும் எத்தனை நாள் மண்ணில் விடலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பலகையை வைத்திருந்தவர் வேளாண் விரிவாக்க அலுவலர். ஐந்தாறு விவசாயிகள் வாளியில் காயோடு வரிசையில் நின்றார்கள். ஒருவர் தன் முறை வந்ததும், மருத்துவரிடம் எக்ஸ்ரே காட்டுகிறவர் முகத்தோடு வாளியை நீட்டினார்.

கொள்முதல் நிலையத்தில் இன்னும் நேரம் போனது. வண்டி வண்டியாக வரும் காய்க்கு அடியிலிருந்து சூடான காற்று செலுத்தி உலர்த்துகிறார்கள். ஈரம் 10.49 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விற்க முடியாது. நீண்ட குழாய் ஒன்றை வண்டிக்குள் பல இடங்களில் இறக்கி மாதிரி எடுக்கிறார்கள். அந்த மாதிரியைத் தரம் பிரிப்பவர் வாங்குகிற வியாபாரியின் ஆள் அல்ல, விற்கிற விவசாயியின் ஆளும் அல்ல. மத்திய, மாநில அரசுகள் கூட்டாக நடத்தும் ஆய்வுப் பணியின் ஊழியர். தூசி எவ்வளவு, உடைத்தால் முதிர்ந்த முழுப்பருப்பு எத்தனை சதவீதம், பூஞ்சைக் காய் உண்டா என்று பார்த்துச் சீட்டு எழுதுகிறார். கண்ணுக்குத் தெரிகிற அளவில் நச்சுப் பூஞ்சை இருந்தால் அந்த லோடு கடைசித் தரம், பெரும்பாலும் எண்ணெய்க்குத்தான்.

நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் மறைமுக ஏலம் உண்டு, எடை உண்டு. ஆனால் ஒரு கைப்பிடி எடுத்து, நசுக்கி, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கும் வியாபாரியின் முகம்தான் அங்கே தராசு. இங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன்: "தரம் சரியில்லன்னு தோணுச்சுன்னா சண்டை போடுவீங்களா சார்?" அவர் தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னார்: "மழைகிட்ட சண்டை போடுவேன். அந்தப் பொண்ணுகிட்ட என்ன சண்டை? அது எண்ணித்தான எழுதுது." நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தச் சீட்டை என்று தோன்றியது. இயந்திரங்களை அவரவர் வசதிப்படி வாங்கிக்கொள்ளலாம்.

ஊரின் அன்றாடத்துக்கு வருகிறேன். பெரிய வணிகம் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. மெயின் தெருவில் பழம்பொருள் கடை, பரிசுப்பொருள் கடை, சில சாப்பாட்டுக் கடைகள். சில வாசல்களில் வண்ணம் பூசிய வண்டுச் சிலைகள். கடலை இன்று ஊரின் பெரிய முதலாளி அல்ல. அலபாமா விவசாயத்தில் முதலிடம் கறிக்கோழிக்கு. பக்கத்திலேயே ராணுவ ஹெலிகாப்டர் பயிற்சித் தளம். வயலுக்கு மேலே நாளெல்லாம் பயிற்சி விமானிகள் சுற்றுகிறார்கள். ஒரே பயிரை நம்பாதே என்ற பாடத்தை, வயலைவிட ஊர்தான் நன்றாகப் படித்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கறியும் மூன்று காய்களும் என்ற கணக்கு. பொரித்த கோழி, கீரை, மொச்சை, சோளரொட்டி, பாகு மாதிரி தித்திக்கும் ஐஸ் டீ. மேசைக்கு மேசை எல்லாருக்கும் எல்லாரையும் தெரிகிறது. காரில் எதிரே வருகிறவர் முன்பின் தெரியாதவனுக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்கிறார். சவ ஊர்வலம் வந்தால் எதிர்த்திசை வண்டிகளும் ஓரங்கட்டி நிற்கின்றன.

இந்தக் கவுண்டிக்குத் தலைநகரம் இரண்டு. இன்னொன்று எல்பா, பீ ஆற்றங்கரையில், நாலாயிரம் பேருக்குள் வாழும் சிற்றூர். 1990 மார்ச்சில் கரை உடைந்து ஊர் முழுகியது. நீதிமன்றக் கட்டடம் 1903-ல் கட்டியது. உயில் வழக்கு, நிலப் பத்திரம், கல்யாணப் பதிவு, வண்டி நம்பர் பலகை எல்லாம் புரோபேட் நீதிபதி அலுவலகத்தில். அந்த நீதிபதியை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஷெரிஃபையும் அப்படியே.

வெள்ளி இரவு ஊர் முழுக்க உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில். 2007 மார்ச் 1 அன்று சூறாவளி இந்த ஊர்ப் பள்ளியின் மேல் விழுந்து எட்டு மாணவர்கள் இறந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் அதைச் சொன்னபோது விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை.

சாலையோரக் கூரைக் கொட்டகையில் பெரிய பாத்திரத்தில் உப்புப் போட்டுக் கடலை அவிக்கிறார்கள். நியூயார்க்கில் கேட்டால் முழிப்பார்கள். தெற்கில் அது நம்மூர் போலவே மாலைத் தீனி. தென் அமெரிக்காவில் பிறந்த கடலை ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களோடு இங்கே வந்தது. அவித்துத் தின்னும் வழக்கமும் அந்தக் கப்பல்களில் வந்த ஆப்பிரிக்கர்களோடு வந்ததாகவே பலரும் கருதுகிறார்கள். நம்மூரைவிட நீண்ட நேரம் வேகவைக்கிறார்கள், உப்பு கொஞ்சம் அதிகம்.

போக நினைப்பவர்களுக்கு: அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், கார் இல்லாமல் முடியாது. செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையில் போங்கள், இரண்டு பயிரையும் பார்க்கலாம். ஞாயிறு காலை வேண்டாம், கடைத்தெரு முழுக்கத் தேவாலயத்தில் இருக்கும். சிலைக்குப் பத்து நிமிடம் போதும். கொள்முதல் நிலையத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். அனுமதி கேட்டால் மறுக்காமல் காட்டுவார்கள்.