பதினோராம் வகுப்பும் பாட்டன் டாங்கியும்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் பாளையங்கோட்டைத் தெருக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடையே மாறிவிடும். பிளஸ் டூ முடிக்கிறவர்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனாவால் கிறுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு போகிறார்கள். 'ஃபேர்வெல்' என்கிறார்கள். எங்கள் காலத்தில் அழைப்பிதழில் அது 'பிரிவு உபசார விழா'. பேச்சில் வெறும் 'டீ பார்ட்டி'.

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது 1966-இல். அப்போது பள்ளியிறுதி என்பது பதினோராம் வகுப்பு. பாகிஸ்தானோடு சண்டை நின்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த டீ பார்ட்டியில் நாங்கள் அடித்த கூத்தையும், அந்தக் கூத்துக்குள் ஒளிந்திருந்தது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பழைய கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வரை நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். அப்பாவுக்கு அங்கே ஒரு பஞ்சாலையில் கணக்கு வேலை. பிரெஞ்சுப் பள்ளியில் மேலே போகப் போக வகுப்பின் எண் குறையும். நம் ஆறாவது அங்கேயும் ஆறுதான். ஏழாவது அங்கே ஐந்து, எட்டாவது நான்கு. 1963-இல் சொந்த ஊர் திரும்பி இங்கே ஒரு பள்ளியில் சேர்க்கப் போனபோது, தலைமையாசிரியர் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, நாலாங் கிளாஸ் முடிச்ச பையனை ஒம்பதாங் கிளாஸ்ல சேக்கச் சொல்லுதிய?" அப்பா விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சேர்ந்த அன்றே எனக்கு 'முசே' என்று பட்டப்பெயர் விழுந்தது.

புதுச்சேரியிலும் ஒரு பிரிவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்துக்கு நடுவில்தான் அக்டோபர், நவம்பரில் சீனாவோடு சண்டை. பிரான்சும் அந்த மார்ச்சில்தான் அல்ஜீரியப் போரிலிருந்து வெளியே வந்திருந்தது. எங்கள் தெருவில் மேல் வகுப்பு அண்ணன்மார்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள்: "உனக்கு வெண்ணெய் ரொட்டி, எனக்குப் பழைய சோறு. ஆனா ரெண்டு பேருக்கும் பூட்சு நிச்சயம்." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் பட்டாளம் பக்கத்திலேயே நிற்கிறது என்பதுதான் அந்தக் கேலி. பதின்மூன்று வயதில் எனக்கு அதில் ரொட்டி மட்டும்தான் புரிந்தது.

இனி பாளையங்கோட்டைக்கு வருகிறேன். நாங்கள் பத்தாவது படித்தபோது, 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. அடுத்த மாதம் இந்தி எதிர்ப்புப் போராட்டம். பதினோராவது போன சில மாதங்களில், 1965 செப்டம்பரில் போர். மழையும் பொய்த்த வருஷம் அது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். திங்கட்கிழமை இரவு ஓட்டல்கள் மூடிக் கிடக்கும். ரேஷனில் அரிசி குறைந்து கோதுமையும் மைலோவும் வந்தன. மைலோவைப் பார்த்திராத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அது வெளிநாட்டுச் சோளம். எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் தன் எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும்.

சண்டைச் செய்தியெல்லாம் எங்களுக்கு ரேடியோ வழியாகத்தான். காலை ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியைக் கேட்க டீக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். அதில் அடிக்கடி அடிபட்ட பெயர் அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்த 'பேட்டன்' டாங்கி. தமிழ்க் காதில் அது 'பாட்டன் டாங்கி' ஆகிவிட்டது. பஞ்சாபில் அசல் உத்தர் என்ற கிராமத்தருகே ஹவில்தார் அப்துல் ஹமீது ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் அந்த டாங்கிகளை நொறுக்கி, உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றார். வானத்தில் நம்முடைய 'நேட்' என்னும் குட்டி விமானங்கள் பெரிய சேபர் ஜெட்டுகளை விழுத்தின. நேட் என்றால் ஆங்கிலத்தில் கொசு போன்ற சிறு பூச்சி.

மறுவாரமே வகுப்பில் பட்டப்பெயர்கள் மாறின. கடைசி பெஞ்சில் இரண்டு ஆள் இடத்தை அடைத்து உட்கார்ந்த கோபாலசமுத்திரத்துக்காரன் 'பாட்டன்' ஆனான். முன் பெஞ்சில், காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருந்தவன் 'நேட்' ஆனான். அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவன் ஏற்கெனவே 'கொழும்பு'. நான் முசே.

ஜனவரி 11-ஆம் தேதி, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, தாஷ்கண்டில் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மறுநாளே சாஸ்திரி இறந்துபோனார் என்ற செய்தி வந்தது. வருஷம் பூராவும் இப்படியே போனதால், டீ பார்ட்டியிலாவது அழக்கூடாது என்று நாங்கள் ஒரு முடிவோடு இருந்தோம். பலகாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. காராசேவு, ஆளுக்கு ஒரு துண்டு அல்வா, ஒரு டம்ளர் டீ. சார்வாள்மார்கள் பேசி முடித்ததும் கொழும்பு மேடையேறி, அலுமினியத் தம்ளரை மைக் போலப் பிடித்துக்கொண்டு, 1986-ஆம் வருஷத்துச் செய்தியை வாசிக்க ஆரம்பித்தான்.

"பஞ்சாபிலிருந்து பாட்டன் டாங்கி ஒன்றைத் தாமே ஓட்டி வந்த திருவாளர் பாட்டன், கோபாலசமுத்திரத்தில் கார் சாகுபடிக்கு அதைக்கொண்டு உழுதார். வயல் உழுதாயிற்று, வரப்பைத்தான் காணவில்லை. விமானப்படைத் தளபதி நேட், சட்டைப் பையிலிருந்த கற்களை எடுக்க மறந்ததால் அவருடைய விமானம் கிளம்பத் தாமதமானது. பிரான்சுக்கான இந்தியத் தூதர் முசே, தெகோலுக்குத் திருநெல்வேலி அல்வா வழங்கினார். வாய் ஒட்டிக்கொண்டதால் தெகோல் மறுபேச்சின்றி நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பாளையங்கோட்டை ரேஷன் கடையில் வரிசையில் நிற்காமலே அரிசி கிடைத்ததால் பொதுமக்கள் மயங்கி விழுந்தனர். தாமிரபரணியில் வெள்ளம், கணக்குப் பரீட்சைத் தாள்கள் அடித்துச் செல்லப்பட்டன. செய்திகள் முடிந்தன."

கணக்கு சார்வாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தமிழ் ஐயா சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

பிறகு ஆட்டோகிராப் நோட்டுகள் சுற்றின. ரோஸ், பச்சை, மஞ்சள் என்று தாளுக்குத் தாள் நிறம் மாறும் சின்ன நோட்டு. 'எல்லைக்குப் போனாலும் எல்லை மீறாதே' என்று ஒருவன். 'நீ கலெக்டரானால் நான்தான் உன் பியூன். அப்போதும் டீக்குக் காசு கேட்காதே' என்று ஒருவன். 'கொழும்பில் சந்திப்போம், அப்பாவை அங்கே விட்டுவைத்தால்' என்று கொழும்பு. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் ஆகியிருந்த நேரம். தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய ஒப்பந்தம்தான் என்றாலும், கடைக்காரர்களுக்கும் அங்கே நாள் எண்ணும் நிலைமைதான்.

நான் எல்லோருக்கும் பிரெஞ்சில் இரண்டே சொல் எழுதிக் கீழே தமிழில் உச்சரிப்பும் கொடுத்தேன்: 'போன் ஷான்ஸ்'. நல்லதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று பொருள். ஜூனில் ரிசல்ட் வந்தது. கணக்கில் தோற்றுப்போன பாட்டன் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டான். "ஏலே முசே, போன சான்ஸுன்னு அன்னைக்கே எழுதிட்டியேலே!"

நேட் என் நோட்டில் எழுதியது ஒரே வரி: 'என் நிரந்தர முகவரி: 56 ஏ.பி.ஓ.' பட்டாளத்துக்காரர்களுக்குக் கடிதம் போடும் தபால் முகவரி அது. போர்க்காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். எல்லையில் இருக்கும் ஆளைப் போல் எழுதிவிட்டான் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தக் கோடையிலேயே அவன் ஊரில் இல்லை. வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி முகாமில் இருந்து கடிதம் வந்தது. நான் பி.யு.சி. முடித்து, பரீட்சை எழுதி, 1969-இல் தாலுகா ஆபீசில் கிளார்க் ஆனேன். தூதர் உத்தியோகம் கிடைக்காவிட்டாலும் மேசையும் பேனாவும் கிடைத்தன. கொழும்பின் அப்பா ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து டவுனில் சின்னக் கடை போட்டார். பாட்டன் வயலுக்குப் போனான். டாங்கி வரவில்லை, ஐ.ஆர். 8 நெல் வந்தது. ரேஷன் கடையில் மயங்கி விழும் அளவுக்கு இல்லையென்றாலும், மைலோ போயிற்று.

1971 டிசம்பரில் மறுபடி போர். மூன்றாம் தேதி தொடங்கிப் பதினாறாம் தேதி டாக்காவில் முடிந்தது. பதின்மூன்று நாள் என்று இப்போது சுலபமாகச் சொல்கிறோம். நேட்டின் அம்மாவுக்கு அது ஆறு வாரம். நவம்பருக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. சர்க்கார் ஆபீஸ் என்றால் எல்லாம் தெரியும் என்று அந்த அம்மாள் நினைத்தார்கள். தினம் மத்தியானம் எங்கள் ஆபீஸ் வேப்பமரத்தடியில் வந்து நிற்பார்கள்.

"ஏ ஐயா, ஒங்க ஆபீசுக்கு எம்புள்ள சேதி எதுவும் வந்துச்சா?"

எங்கள் ஆபீசுக்கு அப்படிச் செய்தி எதுவும் வராது. வரக்கூடாத செய்தி என்றால் தந்தியாக நேரே வீட்டுக்குத்தான் போகும். அதை எப்படிச் சொல்வது? "தந்தி வரலைன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம்மா" என்றேன்.

"அது தெரியும்யா. தெருவுல தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டாலே நான் அடுக்களைக்குள்ள போயி கதவச் சாத்திக்கிடுதேன். அதுக்குத்தான் இங்க வந்து நிக்கேன். இங்கன்னா மணி கேக்காதுல்லா."

அதன் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு ஸ்டூலை எடுத்து மரத்தடியில் போடச் சொன்னேன். தினமும் அது அங்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஜனவரி நடுவில் ஒரு கார்டு வந்தது. 'சுகம். இங்கே அல்வா சுமார்தான்.' அம்மாள் அதைக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னார்கள். மூன்று தடவை படித்தேன்.

நேட் ஹவில்தாராக ஓய்வு பெற்றான். 1986-இல், எங்கள் செய்தியின்படி விமானப்படைத் தளபதியாக இருந்திருக்க வேண்டியவன், ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "அந்த முகவரியை வேடிக்கைக்குத்தானே எழுதினே?"

"இல்லடே. ஜனவரியிலயே ஆளெடுக்கிற எடத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். எடை பத்தல, மூணு மாசம் கழிச்சு வான்னுட்டாவ. அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல ரெண்டு தங்கச்சி. நீங்கள்லாம் காலேஜு காலேஜுன்னு பேசிக்கிட்டிருந்திய. நானும் ஒரு வேடிக்கை சொல்லணும்லா?" என்று சிரித்தான். இரண்டாம் முறை போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை முழுங்கிவிட்டு எடை மேடையில் ஏறினானாம்.

பதினேழு வயதில் யாரும் தன் பயத்தைப் பயம் என்று சொல்வதில்லை. பட்டாளம் பற்றி, அப்பாவின் கொழும்புக் கடை பற்றி, வீட்டு அரிசிப் பானை பற்றி, எல்லாவற்றையும் அன்றைக்குச் சொல்லித்தான் இருக்கிறோம், கேலியாகச் சொன்னோம். புதுச்சேரி அண்ணன்மார்களின் வெண்ணெய் ரொட்டியும் பூட்சும் அதே கதைதான். சிரித்தவர்கள் எல்லோரும் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை. சிலருக்கு அந்தச் சிரிப்புதான் விடைபெறுதல்.

நேட் நான்கு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தான். பாட்டன் கோபாலசமுத்திரத்தில் பேரன் வீட்டுத் திண்ணையில் சௌக்கியமாக இருக்கிறான். பார்த்தால் இன்னமும் 'போன சான்ஸ்' என்றுதான் வரவேற்பான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு வண்ணத்தாள் நோட்டு கிடக்கும். இறக்கித் தூசி தட்டி, வேடிக்கையாக எழுதியிருக்கும் பக்கங்களை இன்னொரு தரம் நிதானமாகப் படியுங்கள். எழுதியவர் இருந்தால் இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.