மிதிவண்டியில் ஓரிரவு: பந்திங் முதல் தஞ்சோங் செப்பாட் வரை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்களின் நினைவுக்கு வருபவை கேமரன் மலையும் லங்காவித் தீவுந்தாம். 'நான் மேற்கொண்ட பயணம்' என்று தலைப்புக் கொடுத்தால், முப்பது மாணவர்களில் இருபது பேர் கேமரன் மலையில் ஸ்திராபெரி பறித்த கதையைத்தான் எழுதித் தருகிறார்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கடல் இருப்பதை எவரும் எழுதுவதில்லை. அந்தக் கடலோரமாக மிதிவண்டியில் சென்று, ஓரிரவு தங்கி, மறுநாள் திரும்பும் எளிய பயணம் ஒன்றைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். மிதிவண்டியை மறந்து பல ஆண்டுகள் ஆனவர்களும் செய்யக்கூடிய பயணம் இது. எங்கள் அண்ணன் செய்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

மிதிவண்டியில் உடைமைகளைக் கட்டிக்கொண்டு, வழியில் தங்கித் தங்கிச் செல்வதை இக்காலத்தில் 'பைக்பேக்கிங்' என்கிறார்கள். பெயர்தான் புதிது, செயல் பழையது. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் மிகப் பெரிதாக இருக்கும் பழங்கால மிதிவண்டியில் புறப்பட்டார்; 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் தம் உலகப் பயணத்தை முடித்தார். புறப்பட்டபோது அவருடைய பையில் இருந்தவை காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழை அங்கி, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவையே. துப்பாக்கியை விட்டுவிட்டால், ஓரிரவுப் பயணத்திற்கு நமக்கும் ஏறத்தாழ அவ்வளவே போதும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டத்துப் பெரியவர்கள் இதைவிடக் கடினமான பாதைகளில் மிதிவண்டி ஓட்டியவர்கள்தாமே! விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு, இருபுறமும் வாளிகள் தொங்க, கித்தாக் காட்டுச் செம்மண் பாதையில் அப்பா ஓட்டிச் சென்ற ராலி மிதிவண்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மாலையில் அதே வண்டியின் பின்னிருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். முன் கம்பியில் நான். அண்ணன் மிதிவண்டி கற்றுக்கொண்டதும் அதில்தான். பிறகு அவர் லாரி ஓட்டுநரானார். முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தே வேலை; சாலையோரக் கடைச் சாப்பாடு; இனிப்புத் தூக்கலான தே தாரேக். ஐம்பத்து மூன்றாம் வயதில் இனிப்பு நீர் வந்துவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில் நிற்கிறோம். முன்னணியில் நிற்க வேறு துறைகள் இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் அம்மாவுக்கும் இதே நோய்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, அவர் மூன்று ஆண்டுகளே இருந்தார்.

அம்மாவின் மறைவுக்குப் பின் அண்ணன் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. நடைப்பயிற்சிக்கு அழைத்தால் முழங்கால் வலி என்பார். மிதிவண்டியில் உடல் எடையைப் பெரும்பாலும் இருக்கை தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு அவ்வளவு சுமையில்லை என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஏன் தம்பி, இந்த வயசுல சைக்கிளா? பாக்குறவன் சிரிப்பான்."

"பந்திங்குல உங்கள யாருண்ணே பாக்கப் போறா?"

அதற்கு அவரிடம் மறுமொழி இல்லை. அப்படித்தான் ஏற்பாடு தொடங்கியது.

ஆறு வாரம் பழகினோம். முதல் வாரம் வீடமைப்புப் பகுதியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். ஆறாம் வாரம், பைகளைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து கிலோமீட்டர். புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: பயணத்தன்று எவ்வளவு ஓட்டப் போகிறீர்களோ, அதில் பாதித் தூரத்தையேனும் அதே சுமையோடு ஒருமுறை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். இருக்கையின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். மிதியடி தாழ இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அதுவே அளவு. முழங்கால் வலி என்று மிதிவண்டியைக் கைவிட்டவர்களில் பலருக்கு வலி தந்தது தாழ்வான இருக்கையே.

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. எங்களுடையவை இரண்டும் பழைய மலைமிதிவண்டிகள். தனிப் பைகளும் வாங்கவில்லை. பின் தாங்கியில் நீர்புகாப் பை ஒன்றை இறுக்கிக் கட்டினோம். கனமான பொருள்கள் தாழ்வாகவும் வண்டியின் நடுவை ஒட்டியும் இருந்தால் வண்டி ஆடாது. ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் சுமையில்லை: மாற்றுடை ஒரு சோடி, மழைச்சட்டை, மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, பூட்டு, முன்பின் விளக்குகள், தண்ணீர். கூடாரம் எடுக்கவில்லை. முதற்பயணத்தில் விடுதியில் தங்குவதே நல்லது. நன்றாக உறங்கினால்தான் மறுநாள் கால் ஒத்துழைக்கும்.

அண்ணனுக்கெனத் தனியாக ஒரு பை. அதில் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி, மாத்திரைகள், குளுகோஸ் மிட்டாய், ரொட்டி. இனிப்பு நீர் உள்ளவர்கள் இத்தகைய பயணத்திற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம். சில மாத்திரைகளை உண்டுவிட்டு நெடுநேரம் உடலை வருத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அதிகம் என்பதற்கு அஞ்சுகிறோம், குறைவதும் ஆபத்துதான்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பந்திங்கில் அண்ணன் மகன் எங்களை வேனில் இறக்கிவிட்டான். அங்கிருந்து மோரிப் வழியாகத் தஞ்சோங் செப்பாட்டுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலை எண் 5 இவ்வழியே செல்கிறது. மேடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை; அதனால்தான் புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். ஆயினும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வரும். சாலையின் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். ஒளிரும் நிறச் சட்டை அணிய வேண்டும். லாரி கடக்கும்போது கைப்பிடியை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் காற்று வண்டியைச் சற்றே தள்ளும். "லாரிக்காரனுக்குச் சைக்கிள் தெரியாது தம்பி. கண்ணாடியில பாத்தாலும் சில இடத்துல தெரியாது. லாரி பக்கத்துலயே ஓட்டாதே" என்றார் அண்ணன். முப்பது ஆண்டு அனுபவம் பேசியது. அதன்பின் அவரையே முன்னால் ஓட்டச் சொன்னேன். புதியவர் முன்னால் செல்வதுதான் முறையும்கூட. வேகத்தை அவரே வகுப்பார்.

மோரிப்பில் பசியாறினோம். அண்ணன் தாமாகவே 'கோப்பி ஓ கோசோங்' கேட்டார். சர்க்கரையில்லாக் கோப்பியை அவர் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மோரிப் கடற்கரையில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள் மலாயாவை மீட்க இங்குதான் வந்திறங்கின. 'ஆபரேஷன் ஜிப்பர்' என்பது அத்திட்டத்தின் பெயர். வந்தவர்களுள் 25-ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவினரும் இருந்தனர். ஆகஸ்டு மாதமே ஜப்பான் பணிந்துவிட்டதால் சண்டை நிகழவில்லை. சண்டையிட்டதெல்லாம் சேறுதான், கரையேறிய வாகனங்கள் பல அதில் புதைந்து நின்றன. நீர் வற்றும் வேளையில் கடல் நெடுந்தொலைவு பின்வாங்கிச் சேற்றுப் பரப்பாகக் கிடப்பதைப் பார்த்தால், அது ஏன் என்று எவருக்கும் விளங்கும். சப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றி அம்மா சொல்லியவற்றை அண்ணன் அந்தக் கல்லின் அருகே நின்று சொன்னார். அவற்றில் பாதியை நான் அறிந்ததில்லை. மூத்த பிள்ளைகளிடம் இளையவர்களுக்குக் கிடைக்காத கதைகள் இருக்கின்றன.

பத்தரை மணிக்கு வெயில் ஏறியது. பத்து லாவுட்டை நெருங்குகையில் அண்ணனின் வண்டி தள்ளாடத் தொடங்கியது. நிறுத்தினோம். முகமெல்லாம் வியர்வை, விரல்கள் நடுங்கின. கருவி 3.6 என்று காட்டியது. 4-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்பது கணக்கு. குளுகோஸ் மிட்டாய்களைக் கொடுத்து, மர நிழலில் உட்காரவைத்தேன். கால் மணி நேரங்கழித்து 5.1 ஆனது. பிறகு ரொட்டி உண்டார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் எதுவும் பேசவில்லை. அலைபேசியில் மருமகனின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தேன். "கூப்பிடாதே. செப்பாட்டுக்குப் போயிடலாம்" என்றார். அரை மணி நேரம் ஓய்வெடுத்து, மீண்டும் அளந்து பார்த்த பின்பே கிளம்பினோம். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓட்டினோம். யாரும் நம்மைத் துரத்தவில்லையே!

தஞ்சோங் செப்பாட் சீன மீனவர்களின் ஊர். பாவ், கோப்பி, கடலுணவு, கடலுக்குள் நீளும் காதலர் பாலம் ஆகியவற்றிற்காக வார இறுதியில் கூட்டம் வரும். ஆகவே விடுதியை முன்னரே பதிவுசெய்வது நலம். நண்பகல் கடந்து சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு இடியுடன் மழை கொட்டியபோது நாங்கள் உறங்கிக்கொண்டிருந்தோம். மேற்குக் கரையில் பிற்பகல் மழை வழக்கம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திராப் பக்கமிருந்து விடியற்காலைப் புயல்மழை வருவதும் உண்டு. ஆதலால் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, காலையிலேயே ஓட்டி முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

மாலை ஏழு மணிக்கு மேல் மலாக்கா நீரிணையில் கதிரவன் இறங்கியது. அறைக்குத் திரும்பியதும் அண்ணனின் பாதங்களைப் பார்த்தேன். உணர்ச்சி குன்றிய பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. ஒவ்வோர் இரவும் பார்க்க வேண்டும். வலது பெருவிரலின் பக்கத்தில் தோல் சிவந்திருந்தது. மருந்திட்டேன்.

"அம்மா காலையும் நீதான் இப்பிடிப் பாப்ப" என்றார். சற்று நேரம் பொறுத்து, "நான் கிளினிக்குக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு தம்பி. மாத்திரைய மட்டும் வாங்கிக்கிறேன். இரத்தம் எடுக்கப் போறதில்ல. என்ன சொல்லுவாங்களோன்னு பயம். அம்மாகிட்ட சொன்ன மாதிரி சொல்லிட்டா?" என்றார்.

முப்பது டன் லாரியை மலைப்பாதையில் இறக்கிய மனிதர் அவர். வீட்டில் எத்தனையோ முறை கேட்டும் வராத சொற்கள், நாற்பது கிலோமீட்டர் மிதித்த பின் தாமே வந்தன. நானும் உடன் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை சிவப்பு மறையவில்லை. மோரிப் வரை இருபது கிலோமீட்டர் மட்டும் ஓட்டுவது, அங்கே வேனை வரச் சொல்வது என்று முடிவு செய்தோம். போதும் என்று நினைக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ள முடிவதே உள்ளூர்ப் பயணத்தின் நன்மை. ஊர் ஊராகக் கடைகள், நிழல், தொலைபேசித் தொடர்பு எல்லாம் உண்டு; ஒரு மணி நேரத்தில் உதவி வந்துவிடும். இருவருக்குமான மொத்தச் செலவு இருநூற்றைம்பது வெள்ளியைத் தாண்டவில்லை.

அடுத்த புதன்கிழமை இருவரும் அரசாங்க மருந்தகத்திற்குப் போனோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் 8.9 வந்தது. நல்ல எண் அன்று. மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார். ஓட்டுவதற்கு முன் என்ன உண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பாதத்திற்கேற்ற காலணி வாங்கச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான்கு மாதங்கழித்து அது 7.8 ஆகியது. இன்னும் குறைய வேண்டும். ஞாயிறுதோறும் காலையில் அவருடைய மிதிவண்டி மணி என் வீட்டு வாசலில் ஒலிக்கிறது. சில ஞாயிறுகளில் எழ மனமில்லாமல் இருப்பவன் நான்தான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அண்ணனோ அக்காளோ இருக்கக்கூடும். பழைய மிதிவண்டி ஒன்றும் எங்கேனும் துருப்பிடித்துக் கிடக்கக்கூடும். சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள், டயருக்குக் காற்றடியுங்கள், முதல் நாள் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுங்கள். கடல் அங்கேயேதான் இருக்கும். ஆறு வாரங்கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் போதும்.