80 வயது மாப்பிள்ளைக்கு நான்தான் போட்டோகிராபர்!

“மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க!” என்று குரல் கொடுத்தேன். ஆறு மாப்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் நரைத்த தலை. ஒருவர் பொக்கை வாயால் சிரித்தே விட்டார்.

திருக்கடையூரில் இது சாதாரணம். சீர்காழியிலிருந்து காரைக்கால் போகும் சாலையில் இருக்கும் ஊர். 16 வயதுதான் ஆயுள் என்றிருந்த மார்க்கண்டேயன் இங்கே லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, சிவன் எமனையே எட்டி உதைத்தார் என்பது தலபுராணம். அதனால் 60-ல் சஷ்டியப்த பூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம் என்று அமிர்தகடேஸ்வரர், அபிராமி சந்நிதிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நாங்கள் வேன் பிடித்துப் போனது தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு.

போட்டோவுக்கு ஆள் வைக்கலாம் என்றார் அப்பா. பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. 1968-ல் அவர்கள் கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் நாள் முழுக்க ‘கிளிக் கிளிக்’ என்று எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து “ஃபிலிம் சரியா சுத்தலைங்க” என்று கையை விரித்துவிட்டாராம். ஒரு படம்கூட இல்லை. “வெளியாளை நம்ப மாட்டேன். நீயே எடு கண்ணு” என்றார். முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மெமரி கார்டை நான்கு முறை சோதித்தேன்.

பிராகாரத்தில் வெளிச்சம் குறைவு, புகை அதிகம். ஃபிளாஷ் போட்டால் புகைதான் வெள்ளையாக விழுகிறது. அதை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றினேன். காற்று அடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றால் கண்ணாவது தப்பிக்கும். இன்னொரு சிக்கல், பக்கத்துக் கல்யாணம். எங்கள் ஃபிரேமுக்குள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் மாமியார் மூன்று முறை வந்துவிட்டார். எங்கள் அத்தையோ அட்சதையை வேறொரு ஜோடி மீது போட்டு, அவர்களிடம் ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டார்!

மாலை மாற்றும்போது மாப்பிள்ளையைத் தூக்க வேண்டுமே? பேரன்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். “டேய், இடுப்பு!” என்று தாத்தா கத்த, பாட்டி மாலையைப் பிடித்தபடி, “நல்லா உசரமா தூக்குங்கடா, கல்யாணத்தன்னிக்கு என்னை எட்டி எட்டிக் குதிக்க விட்டாருல்ல” என்றார். சிரித்ததில் என் கையும் ஆடி, அந்தப் படம் மங்கல்.

அடுத்து அபிஷேகம். தலைக்கு மேல் சல்லடை பிடித்து, பிள்ளைகளும் மருமக்களும் குடம் குடமாகக் கலச நீரை ஊற்றினார்கள். மூன்றாவது குடத்திலேயே தாத்தாவுக்கு நடுக்கம். எல்லோரும் அடுத்த குடத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருக்க, தானும் சொட்டச் சொட்ட நனைந்திருந்த பாட்டி, ஈர முந்தானையைப் பிழிந்து தாத்தாவின் நெற்றியைத் துடைத்தார். ஒரு விநாடிதான். அழுத்தினேன்.

தாலி கட்டும் நேரத்தில் எங்கள் வீட்டுச் செல்போன்களே என் லென்ஸை மறைத்துவிட்டன. எனக்குக் கிடைத்தது மூன்று முழங்கைகளும் ஒரு கைக்கடிகாரமும். 1968-ன் போட்டோகிராபர் மீது எனக்கு லேசாக இரக்கம் வந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் பயந்துகொண்டே கேமராவை நீட்டினேன். பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படமாகத் தள்ளச் சொன்னார். தாலிப் படம் ஏன் இல்லை என்று கேட்கவே இல்லை. ஈர முந்தானைப் படத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பாயசம் ஆறும் வரை பார்த்தார்.

“இதைப் பெருசா போட்டு ஹால்ல மாட்டு. ஓரத்துல யாரோ ஒரு அம்மா நிக்கிறாங்க பாரு, அவங்களை வெட்டிடாதே. நல்லா சிரிக்கிறாங்க.”

கோயம்புத்தூர் மாமியார்தான்.