முன்கண்ணாடி இருக்கிறதா?

ஒளிமேசைமேல் ஒரு நெகடிவ் கிடக்கிறது. ஒற்றை இறக்கை விமானம், அதன் பக்கத்தில் தொப்பி அணிந்த நாலைந்து பேர். பழைய உறையில் யாரோ பென்சிலால் 'லிண்ட்பர்க் விமானம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர் அதை நம்பத் தயாராக இல்லை. பூதக்கண்ணாடியை விமானியின் இருக்கைக்கு நேராக நகர்த்துகிறார். முன்கண்ணாடி இருக்கிறது! உறையில் இருப்பதை அவர் அழிக்கவில்லை. அதற்குக் கீழே 'ரயன் புரோம்' என்று புதிதாக எழுதுகிறார்.

1927 மே மாதம் அட்லாண்டிக்கைத் தனியாளாக 33½ மணி நேரத்தில் கடந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்துக்கு முன்கண்ணாடியே கிடையாது. விமானிக்கு முன்னால் பெட்ரோல் தொட்டி அடைத்துக்கொண்டு நின்றது. லிண்ட்பர்க் பக்கத்து ஜன்னல் வழியாகவும் ஒரு பெரிஸ்கோப் வழியாகவும்தான் பார்த்தார். அந்த விமானம் பிறந்த அதே ரயன் ஆலையில் பிறந்த புரோம், பார்வைக்கு உடன்பிறப்பு. உடம்பில் எழுதிய பதிவு எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் அதுவும் ஏமாற்றும். 1957இல் வந்த திரைப்படத்துக்காகச் சில புரோம்களையே மாற்றியமைத்து, அசல் விமானத்தின் எண்ணை எழுதிப் பறக்கவிட்டார்கள்.

இது சான் டியாகோ. பால்போவா பூங்காவில் இருக்கும் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் படக் காப்பகத்துக்கு நான் போனது வீரர்களின் முகங்களைப் பார்க்க. அங்கே கண்ணில் பட்டதெல்லாம் கையுறைகள். அணிந்திருப்பவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். நெகடிவை ஓரத்தில் மட்டும் பிடிக்கிறார்கள். பளபளப்பில்லாத பக்கத்தில் விரல் படக் கூடாது, படம் அங்கேதான் இருக்கிறது. ஷீட் ஃபிலிமின் மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். இருட்டறையில் தடவிப் பார்த்தே ரகத்தைக் கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த வேலைக்குக் கண்ணுக்கு அடுத்தபடி மூக்குதான் முக்கியம்.

இதைவிடப் பொல்லாதது நைட்ரேட் ஃபிலிம். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கடியிலும் எரியும். இந்த அருங்காட்சியகத்துக்கோ தீயென்றால் பழைய காயம். 1978 பிப்ரவரி 22 அன்று யாரோ வைத்த நெருப்பில் அப்போதைய கட்டடம் முழுக்கச் சாம்பலானது. லிண்ட்பர்க் விமானத்தின் பறக்கும் நகலும் அதில் போனது.

ஃபிலிமுக்குப் பனி அவ்வளவு கொடியதல்ல. 1897இல் ஸ்வீடன்காரர் ஆந்த்ரே இரண்டு தோழர்களுடன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார். மூன்றே நாளில் பலூன் பனிமேல் இறங்கிவிட்டது. மூவரும் திரும்பவில்லை. 33 ஆண்டுகள் கழித்து ஒரு தீவில் அவர்களுடைய உடல்களோடு ஃபிலிம் சுருள்களும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவி 93 படங்களை மீட்டார். சரிந்து கிடக்கும் பலூனைப் பார்த்தபடி இருவர் நிற்கும் படம் அதில் ஒன்று. ஆந்த்ரேயின் திட்டம் அசட்டுத் துணிச்சல் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்கு விவாதம் செய்ய வாய் வராது. பழைய நெகடிவ்களைக் குளிர் அறையில் வைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கும் அதைக் காட்டினால் போதும்.

பெரியவர் இதற்குள் அடுத்த உறைக்குப் போய்விட்டார். லிண்ட்பர்க்கைக் கொண்டாடியே வளர்ந்தவராம். இப்போது படத்தில் லிண்ட்பர்க் இருந்தால் சட்டென்று தாண்டிவிடுகிறார். அவரைத்தான் எல்லோருக்கும் தெரியுமே. ஓரத்தில் நிற்கிறவர்களிடம்தான் பூதக்கண்ணாடி நகர்கிறது. பொறியாளர் டொனால்ட் ஹால் வரைந்த லிண்ட்பர்க்கின் விமானத்தைப் பழைய மீன் பதப்படுத்தும் கூடத்தில் ஏறக்குறைய 60 நாளில் கட்டி முடித்தவர்கள் அவர்கள். இறக்கை நீளமாகிவிட்டதால் மாடியிலிருந்து வெளியே இறக்குவதே பெரும்பாடாயிற்று.

விசிறிக்கு முன்னால் மாட்டும் மூக்குக் கூம்பின் உட்புறத்தில் அந்த ஊழியர்கள் தங்கள் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அதில் விரிசல் இருந்தது. கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார்கள். பெயர்கள் எழுதிய கூம்பு பாரிஸ் போகவில்லை.