எவ்வளவு சூடு வேணும்?

சிவில் படித்துவிட்டு கோடு எழுதப் போன பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். நான்கு வருடப் படிப்பில் இன்றைக்கும் கண்ணில் நிற்பது ஹைவே லேபில் பார்த்த ஒரு சோதனைதான். பாலிமர் கலந்த தாரை அச்சில் ஊற்றி, 15 டிகிரி தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு நடுவில் கத்தரியால் வெட்டிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சாதாரணத் தார் வெட்டின இடத்திலேயே கிடக்கும். பாலிமர் கலந்தது மண்புழு மாதிரி உள்வாங்கும். எங்களுடையது ஏழரை சென்டிமீட்டர் திரும்பிப் போயிருந்தது. எலாஸ்டிக் ரெக்கவரி 75 சதவீதம் என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதும்போது நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை.

தார் என்று சொல்வது பழக்கதோஷம். அசல் தார் நிலக்கரியிலிருந்து வருவது. நம் சாலைகளில் இப்போது ஊற்றுவது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமன். அதன் சங்கடம் வெயில். விஜி-30 ரகத்தின் இளகுநிலைக்கு இந்தியத் தரம் கேட்பது குறைந்தபட்சம் 47 டிகிரி. நம் ஊர் சித்திரை வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60-ஐத் தாண்டும். பாரத்தை முக்கால்வாசி ஜல்லிதான் தாங்குகிறது, அதனால் சாலை ஓடிவிடுவதில்லை. ஆனால் பஸ் பிரேக் போட்டு நிற்கும் இடத்தில், சிக்னலில், சக்கரத் தடம் பள்ளமாக விழும்.

அங்கேதான் எஸ்.பி.எஸ். வருகிறது. இரண்டு முனையிலும் கெட்டியான ஸ்டைரீன், நடுவில் ரப்பர் போன்ற பியூட்டடையீன். எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் கலந்தால் போதும். தாரிலுள்ள எண்ணெயை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். ஸ்டைரீன் முனைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ள, தாருக்குள் ஒரு வலை விரியும். சூட்டில் முடிச்சு அவிழும், ஆறினால் மறுபடி விழும். இழுத்தால் திரும்பி வரும் குணம் அந்த வலையுடையது.

விடுமுறையில் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. இருபது வருடம் ரோடு போடும் வேலை. காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சுடுகலவையை நிரவியவர். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள. கலக்க எவ்வளவு சூடு வேணும்?"

"சாதா தாரைவிட பதினஞ்சு, இருபது டிகிரி கூட, மாமா."

"அப்ப பொகையும் கூடத்தானே?"

லேபில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

மாமாவின் முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. கொதிக்கும் தார் மேலே பட்டால் உதற முடியாது, ஒட்டிக்கொண்டு சுடும். தண்ணீர் ஊற்றி ஆறவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பதறிப்போய் யாரோ பிய்த்தெடுத்தார்கள். தோலோடு வந்தது.

பிளாஸ்டிக் ரோடு வேலைக்கும் மாமா போயிருக்கிறார். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கிய முறை அது. அதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக்கைத் தாரில் கலப்பதில்லை. சுமார் 170 டிகிரிக்குச் சுடவைத்த ஜல்லியின் மேல் நறுக்கின கேரி பேக்கைத் தூவினால் அது உருகி மெல்லிய தோலாகப் படியும், பிறகே தார். தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது, பிடிப்பும் கூடும். எளிமையான, அழகான யோசனை. ஒரே நிபந்தனை: பி.வி.சி. சேரக் கூடாது. சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

"மூட்டைல எது பி.வி.சி.ன்னு அங்க யாரு பாத்தா?" என்றார் மாமா. அவர் இருந்த கேங்கில் யாரும் பார்க்கவில்லை. அது முறையின் குற்றமில்லைதான். ஆனால் மூச்சு அவருடையது.

சூட்டைக் குறைக்கும் சேர்பொருள்களும் இருக்கின்றன. மெழுகு, நுரைக்க வைக்கும் ஜியோலைட், சில ரசாயனங்கள். இவற்றால் கலவையை இருபது முப்பது டிகிரி குறைவாகவே கலந்து உருட்டலாம். பாலிமர் கலந்த தாரோடும் சேர்க்கலாம். வார்ம் மிக்ஸ் என்று பெயர். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-லேயே இடைக்கால வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. எனக்கு இது தெரியவந்தது போன வருடம்தான், வேறு எதையோ தேடும்போது.

மாமாவுக்கு போன் போட்டேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறார்.

"கையில பட்டா ஒட்டாதா மாப்ள?"

"ஒட்டும் மாமா. சுடவும் செய்யும். பொகைதான் கொறையும்."

"அதுவே பெருசுய்யா" என்றார். பிறகு இருமல் வந்தது. அது நிற்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன்.