கழற்றி வைக்க ஓர் இடம்

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணிடமிருந்து முதலில் கழற்றப்படுவது மூக்குக்கண்ணாடிதான். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இருபத்து மூன்று வயதில் பவர் மைனஸ் ஆறரை. காப்பித் தட்டோடு நான் நடந்துபோன கூடத்தில் ஐந்து வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. எந்தச் சட்டைக்குள் மாப்பிள்ளை இருந்தார் என்று தெரியவில்லை. "குனிஞ்ச தல நிமிரல, நல்ல அடக்கம்" என்று வந்த அத்தை ஒருவர் பாராட்டிவிட்டுப் போனாராம். வாசல்படி தடுக்கிவிடக்கூடாதே என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த இடத்துக்கு லென்ஸ் வந்துவிட்டது. போன வருடம் என் மாணவி ஒருத்தி, விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பெண், வகுப்பு முடிந்தபின் நின்றாள். "மேடம், மாப்ள வீட்டுல கண்ணாடின்னா யோசிப்பாங்கன்னு அம்மா சொல்லுது. நிச்சயத்துக்கு முன்னால லென்ஸ் வாங்கிரலாமா? கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?"

லென்ஸால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மறைத்துப் போடுகிற லென்ஸால்தான் ஆகும். அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கண்ணின் முன்னால் கண்ணாடிபோல இருக்கும் கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. லென்ஸோடு தூங்கினால் அதற்குமேல் இமையும் மூடிக்கொள்கிறது. கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும். அதனால் ராத்திரி கழற்றியாக வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள்: கண்ணாடிப் பெண் என்பதை மறைத்துக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் முதலிரவில் எங்கே போய்க் கழற்றுவாள்? கழற்றினால் காலையில் மாமியார் வீட்டுப் படி தெரியாது. கழற்றாவிட்டால் கண் போகலாம்.

கருவிழிப் புண் எங்கள் கரிசல்காட்டுக்குப் புதிதல்ல. கம்மங்கதிர் அறுக்கும்போது தோகை கீறும், வேலிக்கருவை வெட்டும்போது முள் தெறிக்கும். 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. பரிசோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழச் சரிபாதி. (1976இல் அந்த மருத்துவமனையைத் தொடங்கிய கோ. வெங்கடசாமி எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.) பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால் புண் முற்றிவிடும். "கண்ணு செவந்திருக்கு, ஏதாவது குடுங்க" என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்குவது அதனால்தான் ஆபத்து. தாய்ப்பால் விடுவதும் வேண்டாம்.

நான் லென்ஸ் வாங்கியது நாற்பத்திரண்டு வயதில், என் சம்பளத்தில். யாரும் கேட்கவில்லை. தடித்த கண்ணாடிக்குள் உலகம் சிறுத்து, ஓரங்கள் வளைந்து தெரிந்தே பழகியிருந்தேன். ஒருமுறையாவது அப்படியே பார்க்க வேண்டும்போல் இருந்தது. கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்க முடியாது. கருவிழியின் வளைவை அளக்கிறார்கள், கண்ணீர் போதுமா என்று பார்க்கிறார்கள். லென்ஸ் கண்ணை ஒட்டியே இருப்பதால் என் மைனஸ் ஆறரை, லென்ஸில் மைனஸ் ஆறு ஆனது. அதோடு நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருந்த நான், லென்ஸைப் போட்டபின் விடைத்தாள் திருத்த ஒரு வாசிப்புக் கண்ணாடி வாங்க வேண்டியதாயிற்று.

மிருதுவான லென்ஸை உருவாக்கிய செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுச் சமையலறை மேசையில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு இயந்திரம் செய்து முதல் லென்ஸ்களை வார்த்தார். அடுத்த சில மாதங்களில் அங்கேயே ஆயிரக்கணக்கில் செய்தபோது கூட உழைத்தவர் மனைவி லிண்டா. கண்டுபிடிப்பில் பெயர் யாருக்கு நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளுக்கு வருவோம். லென்ஸின் விதிகளைக் கேட்டால் எளிமையாகத்தான் இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, ஈரமில்லாத கையால் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர், போர்த் தண்ணீர், எச்சில் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற உயிரி கருவிழியைத் தின்றுவிடும். நேற்றைய திரவத்தின்மேல் புதிதை ஊற்றாமல் தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். டப்பாவை மூன்று மாதத்துக்கொருமுறை தூக்கிப்போட வேண்டும். ஆனால் கூட்டுக்குடும்பத்தில் மருமகளின் டப்பா எங்கே இருக்கும்? குளியலறை ஜன்னலில், பேஸ்ட்டுக்கும் பிளேடுக்கும் நடுவில், பல்லி எச்சத்துக்குக் கீழே. வத்தல் கிள்ளிய கையோடு சமையலறையிலிருந்து வெளிவரும் நேரம் ராத்திரி பத்து. அந்தக் காரம் வெறும் தண்ணீரில் போகாது. எண்ணெய் தடவிப் பிறகு இரண்டு மூன்று தடவை சோப்புப் போட வேண்டும். அதற்குள் "லைட்ட அணை" என்பார்கள். வர்ஜீனியா உல்ஃப் 1929இல் பெண்ணுக்குத் தனி அறை கேட்டார். லென்ஸ் போடுகிற பெண்ணுக்கு ஓர் அலமாரித் தட்டும் பத்து நிமிடமும் வேண்டும். எத்தனை வீடுகளில் அது கிடைக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதனால்தான் மாத லென்ஸைவிட ஒருநாள் லென்ஸே நம்மவர்களுக்கு நல்லது என்பேன். காலையில் புதிது, ராத்திரி குப்பையில்; டப்பாவும் இல்லை, திரவமும் இல்லை. செலவு அதிகம்தான். கல்லூரி விழா, பயணம் என்று வேண்டிய நாளுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். ஆனி ஆடிக் காற்றில் புழுதி எழும்பும்போதும் கரிமூட்டம் புகையும் பாதையிலும் நான் கண்ணாடிதான் போடுகிறேன். எந்த லென்ஸ் வாங்கினாலும் கண்ணாடி கைவசம் இருந்தே ஆக வேண்டும்.

கல்யாண மேக்கப்பில் வைக்கும் பழுப்பு, நீலக் கலர் லென்ஸுக்கும் இதே விதிகள்தான். பவர் இல்லை என்பதால் அது பொட்டு மாதிரி ஆகிவிடாது. ஒரு பெண்ணுக்கு வைத்ததை அலசி அடுத்த பெண்ணுக்கு வைக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், முகூர்த்தமே ஆனாலும்.

முதல் வாரம் நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும், மெல்லக் கூட்டலாம். விரல் நுனியில் லென்ஸ் கிண்ணம்போல நிற்க வேண்டும். விளிம்பு வெளியே விரிந்தால் புறம் மாறியிருக்கிறது. முதலில் லென்ஸ், பிறகு மை. மையையும் இமையின் உள்விளிம்பில் தீட்ட வேண்டாம். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. கிருமி எதுவென்று அதிலிருந்தே தெரியக்கூடும்.

என் மாணவி இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். பத்து நாள் கழித்து வந்து, மாப்பிள்ளைக்குக் கண்ணாடி போட்ட படத்தையே அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

"என்ன சொன்னார்?"

"அவங்களுக்கும் பவர் இருக்காம் மேடம். மைனஸ் ரெண்டு. இதுவரைக்கும் யாருமே கேக்கலையாம்."

லென்ஸ் அளவெடுக்க அடுத்த சனிக்கிழமை மதுரைக்குப் போகிறாளாம். அதையும் அவரிடம் சொல்லிவிட்டாள்.